ரிப்போர்ட் எல்லாம் நார்மல், கால் மட்டும் வலிக்குது

கால் வலிக்குப் பேர் கிடைக்காம சுத்திக்கிட்டு இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். எக்ஸ்ரே நார்மல், ரத்த டெஸ்ட் நார்மல், எம்ஆர்ஐ நார்மல், ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா பாதத்த தரையில ஊன முடியல. இந்த நிலைமையில இருக்கறவங்களுக்கு மொதல்ல சந்தேகம் வர்றது தன் மேலயேதான். நாமதான் பெருசு பண்றோமோன்னு தோணும். கூட இருக்கறவங்களுக்கும் அப்படித் தோணும், வாய் விட்டு சொல்லலேன்னாலும் முகத்துல தெரியும். எனக்கு வலது குதிகால்ல உள்பக்கமா ஆரம்பிச்சது. விழல, அடிபடல, நின்னுக்கிட்டே பாடம் எடுக்கற வேலை, அவ்வளவுதான். ரொம்ப அலைஞ்சு, நிறைய பேர்கிட்ட காட்டி, இப்ப ஓரளவு பிடிபட்ட நிலைமையில இருக்கேன். முழுசா போகல, ஆனா முன்ன மாதிரி இல்ல. இந்த அலைச்சல்ல எனக்கு உறுதியா புரிஞ்சது என்னன்னா, ஒரு டெஸ்ட் நார்மல்னு வந்தா, அந்த டெஸ்ட்டால பாக்க முடியற கோளாறு அங்க இல்லன்னுதான் அர்த்தம். வலி இல்லன்னு அர்த்தம் இல்ல.

பாதத்துல ஏன் இவ்வளவு குழப்பம்னு படிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சது, ஒரு பாதத்துல மட்டும் 26 எலும்பு, 33 மூட்டு, அத இழுத்துப் பிடிக்கற தசை, ஜவ்வு எல்லாம் சேத்து நூத்துக்கு மேல. குதிகாலோட உள்பக்க அடியில ஒரு விரல் வெச்சு அழுத்தினா அந்த ஒரே இடத்துல தோல் இருக்கு, அதுக்கு மேல கொழுப்பு மெத்தை, அதுக்கும் மேல உள்ளங்கால் பட்டை எலும்புல ஒட்டற இடம், பக்கத்துலயே ஒரு சின்ன நரம்பு, அப்புறம் எலும்பு. இதுல எது கெட்டுப்போனாலும் நாம சொல்றது "குதிகால் வலிக்குது டாக்டர்"தான். அவங்களுக்கு அதிகமா வர்ற கேஸ் பிளான்டார் ஃபேசியைட்டிஸ், அதாவது குதிகால்லருந்து விரல் அடி வரைக்கும் ஓடற அந்த கெட்டிப் பட்டை நைஞ்சு போறது. அதனால நமக்கும் அதே பேரத்தான் மொதல்ல எழுதுவாங்க. தப்புன்னு சொல்லல, பெரும்பாலானவங்களுக்கு அதுதான் இருக்கும், அவங்கள்ல நிறைய பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள ஆபரேஷன் எதுவும் இல்லாம சரியாயிடும். பிரச்சினை மிச்சம் இருக்கற நமக்குத்தான்.

ஃபேசியைட்டிஸ் வலிக்குன்னு ஒரு போக்கு இருக்கு. காலையில எழுந்து வைக்கற முதல் சில அடி உயிர் போற மாதிரி வலிக்கும், நடக்க நடக்க குறையும், ரொம்ப நேரம் உக்காந்துட்டு எழுந்தா திரும்ப வலிக்கும். எனக்கு அப்படியே தலைகீழ். காலையில ஒண்ணும் இருக்காது, மதியத்துக்கு மேல மெதுவா ஏறும், ராத்திரி படுத்தப்புறம் திகுதிகுன்னு எரியும், போர்வை பட்டாக்கூட பொறுக்காது, பாதத்த போர்வைக்கு வெளிய நீட்டிக்கிட்டுத்தான் தூங்குவேன். ஆனா "குதிகால்ல வலி"ன்னு நான் சொன்ன அடுத்த நிமிஷமே ஒரு பிரிஸ்கிரிப்ஷன் வந்துடும், எப்ப வலிக்குதுன்னு கேட்டவங்க கம்மி. ஒரு எடத்துல எக்ஸ்ரேயில குதிகால் எலும்புல முள்ளு மாதிரி வளந்திருக்குன்னு காட்டி இதான் காரணம்னாங்க. குதிகால் முள்ளு வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்கு, வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுக்கறப்ப தெரியவரும். வலி இருக்கறவர் படத்துல முள்ளு தெரிஞ்சா அதுதான் குத்துதுன்னு நினைக்கறது இயல்புதான், ஆனா அது சாட்சி இல்ல. கெட்டியான பந்த உள்ளங்கால்ல போட்டு உருட்டச் சொன்னாங்க, உருட்ட உருட்ட எரிச்சல் கூடிச்சு, அத சொன்னதுக்கு இன்னும் அழுத்தி உருட்டச் சொன்னாங்க.

இந்த எடத்துல ஒரு பழைய கதை சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்ப தெம்பு குடுத்த கதை. 1855-ல பிரஷ்யா ராணுவத்துல இருந்த பிரைட்ஹவுப்ட்னு ஒரு டாக்டர், நெடுந்தூரம் மார்ச் பண்ற சிப்பாய்களுக்கு பாதம் வீங்கி வலிக்கறத கவனிச்சு எழுதி வெச்சார். அடிபடல, காயம் இல்ல, ஆனா நடக்க முடியல. காரணம் என்னன்னு அவரால பாக்க முடியாது, ஏன்னா எக்ஸ்ரேன்னு ஒண்ணே 1895-லதான் கண்டுபிடிச்சாங்க. 1897-ல படம் எடுத்துப் பாத்தப்பதான் பாதத்து நீள எலும்புல விரிசல் இருந்தது தெரிஞ்சது. நடுவுல 42 வருஷம். அத்தனை வருஷமும் அந்த சிப்பாய்ங்களோட வலி உண்மையான வலிதான், காட்டறதுக்குத்தான் கருவி இல்ல. இன்னிக்கும் அதே விரிசல் வந்த முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேயில தெரியாம போறது ரொம்ப சகஜம். எம்ஆர்ஐயில முன்னாடியே தெரிஞ்சிடும். அதனால நடக்க நடக்க ஒரே புள்ளியில வலி கூடிக்கிட்டே போகுது, எலும்ப தொட்டா சுரீர்ங்குது, எக்ஸ்ரே நார்மல்னு யாராவது சொன்னா, அதோட விட்டுடாதீங்க, மூணு வாரம் கழிச்சு திரும்ப எடுக்கலாமா, எம்ஆர்ஐ வேணுமான்னு கேளுங்க.

எம்ஆர்ஐக்கும் ஒரு எல்லை இருக்கு. படுக்க வெச்சு, காலுக்கு எடை குடுக்காம எடுக்கறாங்க. நின்னாத்தான் வலிக்குதுங்கறவரோட பாதம் படுத்திருக்கறப்ப வேற வடிவத்துல இருக்கும். நின்னபடி எக்ஸ்ரே எடுக்கறதே உண்டு, பாத வளைவு இறங்குதா, மூட்டு விலகுதான்னு அதுல தெரியும், கேட்டா எடுப்பாங்க. உள்ளங்கால் பட்டைக்கு அல்ட்ராசவுண்ட் போதும், பட்டை 4 மில்லிமீட்டருக்கு மேல தடிச்சிருந்தா ஃபேசியைட்டிஸ் பக்கம் சந்தேகம் போகும், எனக்கு அது தடிக்கவே இல்ல, அந்த ஒரு தகவல யாராவது முன்னாடியே தேடியிருந்தா எவ்வளவோ அலைச்சல் மிச்சம் ஆயிருக்கும்னு இப்பவும் ஆதங்கமா இருக்கு. நரம்பு டெஸ்ட்னு கரண்ட் வெச்சுப் பாப்பாங்களே, அது பெரிய நரம்பு இழைகளத்தான் அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் சொல்ற பொடி இழைகள் அதுல மாட்டாது. அதுக்கு கால்ல 3 மில்லிமீட்டர் அளவு தோல் எடுத்து மைக்ராஸ்கோப்ல எண்ணிப் பாக்கற டெஸ்ட் தனியா இருக்கு. ரெண்டு பாதமும் சேந்து எரியுது, நரம்பு டெஸ்ட் நார்மல்னு சொல்லிட்டாங்கன்னா, இது ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது.

சரி, என் விஷயத்துல திருப்பம் எங்க வந்துச்சுன்னா ஒரு சின்ன நோட்டுல. டாக்டர்கிட்ட உக்காந்ததும் எல்லாம் மறந்துடுது, "வலிக்குது, ரொம்ப வலிக்குது"ன்னு மட்டும்தான் வாயில வருது, அதனால எழுத ஆரம்பிச்சேன். எந்த எடம், எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னாடி என்ன செஞ்சேன், எந்த செருப்பு, எப்படிப்பட்ட வலி. எடத்த ஒரே விரலால தொட்டுக் காட்ட முடியுதா, இல்ல உள்ளங்கையால தடவித்தான் காட்ட முடியுதா, இதுவே பெரிய தகவல். எலும்பு, பட்டை சம்பந்தப்பட்டதுன்னா பெரும்பாலும் ஒரு விரல் போதும். நரம்புன்னா நாம கைய இழுத்துக்கிட்டே போவோம், இங்க ஆரம்பிச்சு இப்படி ஓடுதுன்னு. வலியோட குணத்தையும் நமக்கு வர்ற வார்த்தையிலயே எழுதணும். சுருக்சுருக்குன்னு குத்துதா, எரியுதா, கரண்ட் அடிக்குதா, மரத்துப்போகுதா, விண்விண்ணுன்னு தெறிக்குதா, உள்ளுக்குள்ள குடையுதா. எரிச்சல், மரத்துப்போறது, கரண்ட் இந்த மூணும் சேந்து வந்தா நரம்பு மேல ஒரு கண் வெக்கணும்னு டாக்டர்களே சொல்றாங்க. ஒரு மாசம் எழுதினா போதும், நமக்கே ஒரு ஒழுங்கு தெரியும். என் நோட்டுல நடந்த நாளவிட அசையாம நின்ன நாள்லதான் ராத்திரி எரிச்சல் அதிகம்னு அப்பட்டமா தெரிஞ்சது. அதுவரைக்கும் நான் அத கவனிச்சதே இல்ல.

அந்த நோட்டோட போனப்ப ஒரு டாக்டர் நிதானமா முழுசா படிச்சாங்க. படிச்சுட்டு ரிப்போர்ட் ஃபைல ஓரமா வெச்சுட்டு ரெண்டு காலையும் காட்டச் சொன்னாங்க. பாதத்த மேல தூக்கி, வெளிப்பக்கமா திருப்பி, விரல்கள மேல்நோக்கி வளைச்சு கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிருந்தாங்க, உள்ளங்கால்ல அந்த ராத்திரி எரிச்சல் பட்டப்பகல்லயே மெல்ல எட்டிப் பாத்துச்சு. அப்புறம் உள்பக்க கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி இருக்கற பள்ளத்துல விரல் நுனியால லேசா தட்டினாங்க. குதிகால்லருந்து உள்ளங்கால் நடு வரைக்கும் சுரீர்னு கரண்ட் ஓடிச்சு. நான் கால வெடுக்குனு இழுத்தேன். "இதானா?"ன்னாங்க. இதேதான். அழுகை வந்துடுச்சு, வலியால இல்ல, அவ்வளவு நாள்ல முதல் முறையா என் வலிய இன்னொருத்தர் தொட்டுக் கண்டுபிடிச்சதால.

அந்தப் பள்ளத்துல ஒரு சுரங்கம் மாதிரி குறுகலான வழி இருக்கு, அதுக்குள்ள பாதத்துக்குப் போற பெரிய நரம்பும் ரத்தக் குழாயும் தசைநாண்களும் நெருக்கி ஓடுது. அங்க நரம்பு அழுந்தினா அதுக்கு டார்சல் டனல் சிண்ட்ரோம்னு பேர், 1962-ல ரெண்டு டாக்டர்கள் தனித்தனியா இத எழுதினாங்க. அதே நரம்போட ஒரு சின்னக் கிளை குதிகாலுக்கு அடியில போகும், பேக்ஸ்டர் நரம்புன்னு சொல்றாங்க, அது மாட்டிக்கிட்டா ஃபேசியைட்டிஸ்க்கும் அதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது டாக்டர்களுக்கே சிரமம். எனக்கு எடுத்த நரம்பு டெஸ்ட்ல தெளிவா எதுவும் வரல. இந்த நோயில அப்படி வர்றது உண்டு, டெஸ்ட் நார்மலா இருந்தாலும் நோய் இருக்கலாம்னு அந்த டாக்டரே சொன்னாங்க. "இதுதான்னு நூறு சதவீதம் சொல்ல மாட்டேன், ஆனா நரம்புன்னு வெச்சுக்கிட்டு வைத்தியம் பாப்போம், கேக்குதான்னு பாப்போம்"னாங்க. அந்த "பாப்போம்" எனக்கு எத்தனையோ ஆறுதல் வார்த்தைய விட பெருசா பட்டுச்சு.

ஆனா எல்லாருக்கும் நரம்புதான்னு நினைச்சுடாதீங்க. கால்ல வலிச்சாலும் காரணம் கால்லயே இருக்கணும்னு இல்ல. முதுகுல கீழ் டிஸ்க் நரம்ப அழுத்தினா இடுப்பு வலியே இல்லாம பாதத்துல மட்டும் வலி, மரப்பு வரலாம். இருமறப்ப தும்மறப்ப கால்ல தெறிச்சா முதுக பாக்கச் சொல்லுங்க. ரெண்டு குதிகாலும் வலிக்குது, காலையில உடம்பே விறைப்பா இருக்கு, அசைஞ்சாதான் இறுக்கம் விடுது, சின்ன வயசுன்னா, அது முதுகெலும்ப பாதிக்கற வாத வகையா இருக்கலாம், ஜவ்வு எலும்புல ஒட்டற எடங்கள்ல அது வீக்கத்த உண்டு பண்ணும், குதிகால் அதுல முக்கியமான எடம். சோரியாசிஸ் இருக்கறவங்களுக்கும் இதே மாதிரி வரும். தோலுக்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம்னு நாம சொல்லாம விட்டுடுவோம், சொல்லணும். முன்பாதத்துல, மூணாவது நாலாவது விரலுக்கு நடுவுல, ஷூக்குள்ள கூழாங்கல் இருக்கற மாதிரி தோணி கழட்டிப் பாத்தா ஒண்ணும் இல்லேன்னா, அது விரலுக்குப் போற நரம்பு தடிச்சுப் போற மார்ட்டன் நியூரோமாவா இருக்கலாம், 1876-லயே விவரிச்சு எழுதியிருக்காங்க. ரெண்டு பாதமும் விரல் நுனியிலருந்து மேல்நோக்கி மரத்துக்கிட்டு வந்தா சர்க்கரை, வைட்டமின் பி12 ரெண்டும் பாக்கணும். மெட்ஃபார்மின்ங்கற சர்க்கரை மாத்திரைய வருஷக்கணக்கா சாப்பிடறவங்களுக்கு பி12 குறைய வாய்ப்பு இருக்கு, ஆனா எரிச்சல் முழுக்க சர்க்கரையாலதான்னு முடிவு பண்ணிட்டு அத பாக்காம விட்டுடறது நடக்குது.

இதுல சிலது காத்திருக்கக் கூடாது, அத மட்டும் தனியா சொல்லிடறேன். சர்க்கரை இருக்கறவங்களுக்கு ஒரு பாதம் திடீர்னு சிவந்து சூடா வீங்கினா, வலி கம்மியா இருந்தாலும் அன்னிக்கே காட்டணும். பாதத்துல ஆறாத புண்ணு, காய்ச்சலோட வீக்கம், பாதம் திடீர்னு தூக்க முடியாம தொங்கறது, ஒரு பாதம் மட்டும் ஜில்லுன்னு வெளிறிப்போறது இதெல்லாம் உடனே. கால் மரத்துப்போறதோட மூத்திரம், மலம் கட்டுப்பாடு போச்சுன்னா நேரா எமர்ஜென்சிக்கு.

இனி சமாளிக்கற கதை. பேர் தெரியற வரைக்கும் வாழ்க்கைய நிறுத்தி வெக்க முடியாது இல்லியா. இதுல நான் யாருக்கு வேணா தைரியமா சொல்ற ஒண்ணு, நல்ல நாள்ல அடக்கி வாசிக்கறது. வலி இல்லாத நாள் வந்தா பாக்கி இருக்கற எல்லா வேலையும் அன்னிக்கே முடிச்சுடணும்னு கை துறுதுறுங்கும், முடிச்சா அடுத்த ரெண்டு நாள் படுக்கைதான். அப்புறம் பயத்துல அசையாம இருப்போம், அசையாம இருக்க இருக்க தசை இளைக்கும், அடுத்த தடவ இன்னும் கம்மி வேலையிலயே வலி வந்துடும். இந்தச் சுத்துலருந்து வெளிய வர்றதுக்கு எனக்கு பிசியோதெரபிஸ்ட் குடுத்த அளவுகோல் எளிமையானது. ஒரு வேலைய செய்யறப்ப கொஞ்சம் வலிச்சா பரவால்ல, மறுநாள் காலைக்குள்ள பழைய நிலைமைக்கு வந்துட்டா அந்த அளவு உனக்கு ஒத்துக்குது, வரலேன்னா அளவ குறை, வேலைய நிறுத்தாத. நான் நிக்கற நேரத்த அப்படித்தான் துண்டு துண்டா வெட்டினேன். வகுப்புல உயரமான ஸ்டூல் ஒண்ணு போட்டேன், போடறதுக்கு முன்னாடி ரொம்ப கூச்சமா இருந்துச்சு, போட்டப்புறம் பசங்க அத கவனிக்கவே இல்ல. நிக்கறப்ப எடைய கால் மாத்தி மாத்தி குடுக்கறது, நடுநடுவுல நாலடி நடக்கறது, பாத வளைவத் தாங்கற இன்சோல், முன்பக்கம் அகலமான ஷூ, ராத்திரிக்கு நரம்பு வலிக்குன்னே டாக்டர் எழுதின மாத்திரை. பந்து உருட்டறத விட்டாச்சு.

உங்களுக்கு இருக்கறது நிஜமாவே ஃபேசியைட்டிஸ்னா கதை வேற. டென்மார்க்ல ஒரு குழு செஞ்ச ஆய்வுல, சுருட்டின துண்ட விரல்களுக்கு அடியில வெச்சுக்கிட்டு படி விளிம்புல நின்னு ஒத்தக் கால்ல மெதுவா குதிகால ஏத்தி இறக்கற பயிற்சிய ஒரு நாள் விட்டு ஒரு நாள் செஞ்சவங்களுக்கு, வெறுமனே பட்டைய நீட்டி இழுக்கற பயிற்சி செஞ்சவங்கள விட மூணு மாசத்துல நல்ல முன்னேற்றம் தெரிஞ்சது. ஓய்வு மட்டுமே மருந்துன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு இது பெரிய செய்தி. ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் கேக்கும், ஆனா பட்டை அறுந்துபோற, கொழுப்பு மெத்தை தேஞ்சுபோற ஆபத்து இருக்கு, போடறதுக்கு முன்னாடி அத வாய் விட்டுக் கேட்டுடுங்க.

அப்புறம் "எல்லாம் மனசுலதான்"னு சொல்றவங்க. இதுல எனக்கு கோவம் உண்டு, மறைக்கல. வலி மாசக்கணக்கா நீடிச்சா நரம்பு மண்டலமே கூர்மையாயிடுதுங்கறது உடல் சம்பந்தப்பட்ட விஷயம், 1983-ல கிளிஃபர்ட் வுல்ஃப்ங்கற ஆராய்ச்சியாளர் தண்டுவடத்துல நடக்கற மாத்தமா அத காட்டினார். தொடுறதே வலியா மாறுறது, வலிக்கற பரப்பு அகலமாகறது இதெல்லாம் அந்தக் கணக்குலதான் வரும். உலக அளவுல வலிய ஆராயற சங்கம் 2020-ல வலிக்கான விளக்கத்த திருத்தி எழுதினப்ப, ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அந்த வார்த்தைய மதிக்கணும்னு குறிப்புலயே சேத்திருக்காங்க. தூக்கம் கெட்டா வலி கூடுது, கவலை கூடினா வலி கூடுதுங்கறதும் உண்மைதான், என் நோட்டுலயே இருக்கு. அதுக்காக கவலைதான் வலின்னு ஆயிடாது. வீட்டுல இருக்கறவங்ககிட்ட நான் கேட்டுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, "இன்னிக்கி எப்படி இருக்கு"ன்னு தினமும் கேக்காதீங்க, முடியாதப்ப நானே சொல்றேன், அப்ப நம்புங்க. அதுக்கப்புறம் வீட்டுல பேச்சு கொஞ்சம் இளகிடுச்சு, எனக்கும் ஒவ்வொரு தடவையும் நிரூபிக்கணுங்கற பாரம் இல்ல.

இப்ப ராத்திரி எரிச்சல் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. நாள் முழுக்க நிகழ்ச்சி இருக்கற அன்னிக்கி வரும், வரும்னு தெரிஞ்சே போறேன். ஆபரேஷன் பேச்சும் வந்துச்சு. அந்தச் சுரங்கத்துக்குள்ள கட்டி, நீர்ப்பை மாதிரி நரம்ப அழுத்தற பொருள் ஸ்கேன்ல தெளிவா தெரிஞ்சா பலன் நல்லா இருக்கும், என் மாதிரி ஒண்ணும் தெரியாதவங்களுக்கு பலன் ஆளுக்கு ஆள் மாறுதுன்னு டாக்டர் மறைக்காம சொன்னாங்க. அதனால இப்போதைக்கு வேணாம்னு ரெண்டு பேரும் சேந்தே முடிவு பண்ணியிருக்கோம், பயிற்சி தொடருது, நோட்டும் தொடருது, எரிச்சல் திரும்ப ஏற ஆரம்பிச்சா அல்ட்ராசவுண்ட்ல அந்தப் பள்ளத்த இன்னொரு தடவ பாக்கறதா பேசி வெச்சிருக்கோம்.